படம் 12, எடுத்தவர் ஏணிக்காரன்

ஜனவரி 4

மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் போக்குவரத்து சிக்னல் பழுது பார்க்கிறவன். இருபத்திரண்டு வருடமாக ஏணியில்தான் குடித்தனம். வேலையில் கண்ணில் படும் குருவிக்கூடுகளைப் படமெடுத்து, படங்களைப் பகிர்கிற இணையதளம் ஒன்றில் 'ஏணிக்காரன்' என்ற பெயரில் போடுவது என் பழக்கம். ஆறு வருடத்தில் நாற்பத்தொரு படம். யாருக்கும் தொந்தரவில்லாத பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாத விடுப்பில் தளத்தைத் திறந்தால், என் படத்துக்குக் கீழே ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார்: "அடுத்தவங்க படத்தைத் திருடிப் போட வெக்கமா இல்லையா?" ஆதாரமாக உங்கள் கட்டுரையைக் காட்டியிருக்கிறார். தேடிப் பிடித்துப் பார்த்தேன். சிக்னல் பெட்டிக்குள் நான்கு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் படம், மூன்றாம் பக்கம். நீங்கள் நன்றி சொல்லியிருப்பதோ, கண்டவர் படங்களையெல்லாம் அள்ளி வந்து ஒட்டுகிற வேறொரு பக்கத்துக்கு. ஆக, என் படத்துக்கு நானே திருடன். எப்படி இருக்கிறது கதை?

என் படத்தின் இடது மூலையில் பெட்டியின் எண் தகடு தெரியும்: 14. ஒட்டினவர்கள் அந்த மூலையை நறுக்கிவிட்டார்கள். உங்கள் கட்டுரையிலும் மூலையைக் காணோம்.

எனக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் நாங்கள் ஒரு பல்பு மாற்றினாலே எந்தச் சந்திப்பு, எந்தப் பெட்டி, என்ன தேதி என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். படித்தவர்கள் ஒரு படம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க மாட்டீர்களா?

இப்படிக்கு,
ஏணிக்காரன்
(திருடன் அல்ல)

ஜனவரி 15

ஐயா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து ஒருமுறை படித்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன், சமாதானத்துக்காக அல்ல. குருவி, சிக்னல் என்று தேடினேன். முதலில் வந்த படத்தை எடுத்துக்கொண்டேன். அது எங்கிருந்து அங்கே வந்தது என்று ஒரு படி பின்னால் போய்ப் பார்த்திருந்தால் உங்கள் வாசலுக்கு வந்திருப்பேன். போகவில்லை. திருத்தம் எழுதி இதழுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த இதழில் வரும். அந்தப் புண்ணியவானுக்கும் தளத்தில் பதில் போட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை உங்கள் பக்கத்தைத் திறந்தேன். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு நாற்பத்தொரு படத்தையும் பார்த்தேன். ஐயா, நகரத்துக் குருவிகளைப் பற்றி ஐந்து வருடமாகப் படிக்கிறேன். கூட்டின் வாசலை எதிரிலிருந்து, தாய்க்குருவியின் கண்மட்டத்தில் இவ்வளவு பொறுமையாக எடுத்த படங்களை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரு படத்தில்கூடப் பறவை மிரண்டிருக்கவில்லை. அதை எப்படிச் சாதித்தீர்கள்?

ஒரு வேண்டுகோள். என் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க உங்கள் படங்களை நம்பித்தான் நிற்கப்போகிறது. உலகமே இளவேனிலில் கூடு கட்டும்போது உங்கள் சிக்னல் குருவிகள் மட்டும் டிசம்பரில் குஞ்சு பொரிக்கின்றன. நாற்பத்தொன்றும் டிசம்பர்! குளிருக்கு இதமாக விளக்குச் சூட்டைத் தேடி வருகின்றன என்பது என் முடிவு. என் நெறியாளர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருக்கிறார்.

எங்கள் நூலகத்தின் விதிப்படி, பகிர்வுத் தளத்துப் படம் என்றால் எடுத்தவர் பெயர், எடுத்த தேதி, தளம், நாங்கள் பார்த்த நாள் எல்லாம் வேண்டும். அத்துடன் காகிதத்தில் மையால் கையெழுத்திட்ட சம்மதமும். தருவீர்களா?

தலைகுனிவுடன்,
ஆராய்ச்சிக்காரி

ஜனவரி 28

ஆராய்ச்சி அம்மாவுக்கு,

திருத்தம் போட்டதற்கு நன்றி. கோபம் போய்விட்டது. என் மனைவி சொல்கிறாள்: "அந்தப் பொண்ணு இவ்வளவு பணிஞ்சு எழுதியிருக்கு. நீங்க இன்னும் முறைச்சிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

குருவி மிரளாததில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. பெட்டிக் கதவைத் திறந்துவிட்டு, வேலையைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிடம் அந்தப் பக்கமே திரும்பாமல் இருப்பேன். அது என்னையும் கம்பத்தின் ஒரு பாகம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு ஒரே ஒரு படம். இரண்டாவது கிடையாது.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்று மூன்று நாளாக யோசித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு வருடாந்திர விடுப்பு டிசம்பரில். அந்த வருடம் எடுத்த படங்களையெல்லாம் அப்போதுதான் மொத்தமாகத் தளத்தில் ஏற்றுவேன். தளம் காட்டுவது ஏற்றிய தேதி. டிசம்பர் குருவிக்கு இல்லை அம்மா. எனக்குத்தான்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் அத்தியாயத்தை நினைத்துக்கொண்டேன்.

ஏணிக்காரன்

பிப்ரவரி 10

ஐயா,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது.

நெறியாளரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "ஏத்தின தேதியை எடுத்த தேதின்னு நினைச்சிட்டியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "நானும்தான் நினைச்சேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஜூனில் சமர்ப்பிக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயம் இல்லாவிட்டால் மீதி நான்கும் பிறர் சொன்னதைத் தொகுத்ததுதான். என்னுடையது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

இரண்டு கேள்வி. படங்களின் உண்மையான தேதி உங்களிடம் எங்காவது இருக்கிறதா? இன்னொன்றை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உங்கள் படங்களை எடுத்துக்கொண்டேன், உங்களிடம் எதையும் கேட்கவில்லை. குருவிகள் ஏன் அங்கே வருகின்றன என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? சூட்டுக்காகத்தானே?

ஆராய்ச்சிக்காரி

மார்ச் 3

ஆராய்ச்சி அம்மாவுக்கு,

சூட்டுக்காக என்று யார் சொன்னது? சூட்டுக்குப் பயந்து என்று சொல்லுங்கள்.

ஒரு சிக்னலில் மூன்று பெட்டி. சிவப்பு நாற்பது விநாடி எரியும், பச்சை முப்பது, மஞ்சள் மூன்றே மூன்று. பழைய பல்பு இருந்த காலத்தில் சிவப்புப் பெட்டிக்குள் கையை விட்டால் தோல் உரியும். என் வலது முழங்கையில் அடையாளம் இருக்கிறது. மஞ்சள் பெட்டி மட்டும் எப்போதும் வெதுவெதுப்போடு நிற்கும். குருவி முட்டாள் இல்லை. அந்தக் காலத்துப் படங்களைப் பாருங்கள்: இருபத்துமூன்று. இருபத்துமூன்றும் மஞ்சள் பெட்டி.

நான்கு வருடமாக ஒவ்வொரு சந்திப்பாக எல்.இ.டி. விளக்குக்கு மாற்றினோம். அது சுடாது. மாற்றிய பிறகு எடுத்தவை பதினெட்டு. மஞ்சளில் ஆறு, சிவப்பில் ஏழு, பச்சையில் ஐந்து. அவற்றுக்கு எல்லா வீடும் ஒன்றாகிவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

தேதியும் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் எழுதும் பணிச்சீட்டின் நகல் கட்டை என் அலமாரியில் வைத்திருக்கிறேன். பெட்டி எண் படத்தின் மூலையில், தேதி சீட்டில். இரண்டையும் சேர்த்தால் போதும். நாற்பத்தொன்றின் நகலும், நீங்கள் கேட்ட கையெழுத்திட்ட சம்மதமும் இத்துடன் இருக்கின்றன.

ஆனால் ஒரு சிக்கல். சீட்டைப் பாருங்கள். எல்லாவற்றிலும் "கூடு அகற்றப்பட்டது" என்று எழுதியிருக்கும். கூட்டைக் கண்டால் அன்றே அகற்ற வேண்டும் என்பது எங்கள் விதி. நான் கம்பியை ஒட்டியிருக்கும் வைக்கோலை மட்டும் எடுத்துவிட்டு, தீப்பிடிக்காமலிருக்க நடுவில் ஒரு தகடு செருகிவிட்டு, கதவைச் சாத்திவிடுவேன். குஞ்சுகள் பறந்ததும், மூன்று வாரம் கழித்துப் போய்ச் சுத்தம் செய்வேன். ஆக, அன்றைய தேதிக்கு நாற்பத்தொரு பொய். எங்கள் பொறியாளர் கறாரானவர். தெரிந்தால் ஏணி போய்விடும்.

அதனால் என் பெயர் வேண்டாம். ஏணிக்காரன் என்றே போடுங்கள். எண் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், படத்தின் மூலையையும் வெட்டிவிடுங்கள். தளத்தில் இருப்பவற்றை நானே வெட்டி மாற்றிவிட்டேன். அந்தத் திருட்டுப் பக்கத்தார் செய்ததையே இப்போது உங்களை நான் செய்யச் சொல்கிறேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஏணிக்காரன்

மார்ச் 20

அண்ணா,

இனி ஐயா என்று எழுத வரவில்லை. கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இருபத்துமூன்றில் இருபத்துமூன்று. சீட்டுகளையும் படங்களையும் மேசை முழுக்கப் பரப்பி வைத்து மூன்று நாள் சரிபார்த்தேன். ஒரு தேதி பிசகவில்லை. நான் ஐந்து வருடம் நூலகத்தில் தேடியதை நீங்கள் தோல் உரிந்த முழங்கையோடு கண்டுபிடித்து, யாரும் கேட்கவில்லை என்பதற்காகச் சும்மா வைத்திருந்திருக்கிறீர்கள். எனக்கு உங்கள் மேல் பொறாமையாக இருக்கிறது. அதைவிடப் பெருமையாக இருக்கிறது. என்னைவிட நீங்கள்தான் ஆராய்ச்சியாளர். இதை நெறியாளரிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அத்தியாயத்தைப் புதிதாக எழுதுகிறேன். முக்கியமான படத்தின் கீழே இப்படி வரும்: "படம் 12. மஞ்சள் பெட்டியில் நான்கு குஞ்சுகள். எடுத்தவர்: ஏணிக்காரன் (தளத்தில் உள்ள பெயர்). எடுத்த தேதி பணிச்சீட்டின்படி. தளத்தில் ஏற்றியது டிசம்பரில். உண்மைப் பெயர் எடுத்தவர் விருப்பப்படி மறைக்கப்பட்டது. மூலை வெட்டப்பட்டுள்ளது." வெட்டியதையும் சொல்லித்தான் வெட்டுவேன்.

நெறியாளருக்கு ஒரு பயம். "கேள்வி கேக்கறதுக்கு ஆள் இல்லாத ஆதாரத்தை எப்படிம்மா ஏத்துப்பாங்க?" என்கிறார். அது என் பாடு. உங்கள் பெயர் என் வாயிலிருந்து வராது. இது சத்தியம்.

தங்கை

ஜூலை 2

தங்கச்சிக்கு,

அனுப்பிய அத்தியாயம் கிடைத்தது. அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பாதி புரிந்தது. புரிந்த பாதி நான் பார்த்தது போலவே இருந்தது. அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறாய்.

மனைவியும் படம் 12-ஐப் பார்த்தாள். பிறகு, "இருபத்திரண்டு வருஷமா மேல ஏறி நிக்கிறீங்க. உங்க பேரு மட்டும் ஏன் கீழயே ஒளிஞ்சிருக்கு?" என்றாள். வேலைக்கு ஆபத்து வருமே என்றேன். "எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

முதலில் என்னைத் திருடன் என்றபோது அவ்வளவு துள்ளினேன். இப்போது பெயர் போடக் கூப்பிட்டால் ஒளிகிறேன். என்ன மனுஷன் நான்!

உன் வாய்மொழித் தேர்வு என்றைக்கு? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஏணிக்காரன்

ஆகஸ்ட் 21

அண்ணா,

செப்டம்பர் 9, காலை பத்து மணி, மூன்றாம் மாடி, கடைசி அறை. வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது இங்கே வழக்கம். ஆனால் வாருங்கள் என்று நான் கூப்பிட மாட்டேன். அண்ணி கோபித்துக்கொண்டாலும் சரி. உங்கள் ஏணி எனக்கு என் பட்டத்தைவிட முக்கியம்.

தங்கை

செப்டம்பர் 11

அண்ணா,

"ரெண்டு மணிக்கு டூட்டி" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டீர்கள். ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை. அதனால், நீங்களும் இருந்த அறைதான் என்றாலும், என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

தேர்வாளர் படம் 12-ஐத் திரையில் நிறுத்தினார். "யார் இந்த ஏணிக்காரன்?" என்றார். தெரியும், சொல்ல மாட்டேன் என்றேன். அவர் கோபக்காரர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்: "சரி, பேரை விடுங்க. மஞ்சள் பெட்டியில இருந்த கூட்டை மட்டும் அவர் படமெடுத்திருக்கலாமே? சிவப்புப் பெட்டியை அவர் திறந்தே பார்க்காம இருந்திருக்கலாமே? அப்ப உங்க முடிவு என்ன ஆகும்?" சரியான கேள்வி. ஆறு மாதத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்றேன். அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. சீருடையில் ஒருவர். யாரோ மின்விளக்கு சரிபார்க்க வந்தவர் என்றுதான் நினைத்தேன். "அந்தக் கேள்வியை என்கிட்ட கேளுங்க சார். படம் என்னுது."

வேண்டாம் என்று கையை ஆட்டினேன் அண்ணா. நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. "நான் மூணு பெட்டியையும் திறந்தே ஆகணும் சார். மூணையும் துடைச்சு, மூணுலயும் பல்பு பார்த்தாத்தான் சீட்டுல கையெழுத்து. ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட ரெண்டைத் திறந்து ஒண்ணை விட்டதில்ல. பழைய சிவப்புல ஒரு கூடும் பார்த்ததில்ல" என்றீர்கள். அவர், "உங்க சீட்டை நம்பலாமா?" என்று கேட்டார். "தேதியை நம்புங்க, பெட்டியை நம்புங்க. அகற்றப்பட்டதுன்னு இருக்கிறதை மட்டும் நம்பாதீங்க. அது நான் மூணு வாரம் கழிச்சு செஞ்சது." பெயர் கேட்டார். முழுப்பெயரும் தொழிலும் சொன்னீர்கள், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்வது போல.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு, "முப்பது வருஷமா ஆய்வேடு பார்க்கறேன். ஆதாரமே எழுந்து நின்னு பதில் சொல்லி இன்னைக்குத்தான் பார்த்தேன்" என்றார். எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் அழுதது.

இனி முக்கியமானது. இறுதிப் பிரதி இம்மாதம் 30-ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. அந்த அறையில் சொன்னது அங்கிருந்த பதினைந்து பேரோடு நிற்கும். அச்சில் ஏறினால் என்றைக்கும் நிற்கும். பட்டத்துக்கு இனி உங்கள் பெயர் தேவையில்லை. தாராளமாக ஏணிக்காரனாகவே இருந்துவிடலாம். யோசித்து எழுதுங்கள்.

தங்கை

செப்டம்பர் 17

தங்கச்சிக்கு,

போடு. முழுப்பெயர், தொழில், பெட்டி எண். மூலையை வெட்டாதே.

ஏணிக்காரன்

நவம்பர் 24

தங்கச்சிக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபிக்காதே. முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

நான் யாரும் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவில்லை. உன் ஆய்வேட்டில் என் பெயர் வரும் பக்கத்தின், நீ அனுப்பிய நகலை எடுத்துக்கொண்டு நானே பொறியாளர் அறைக்குப் போனேன். அவர் படித்தார். "நாப்பத்தொரு தடவை பொய் எழுதியிருக்கீங்க" என்றார். ஆமாம் சார் என்றேன். "ஒரு தடவை தீப்பிடிச்சிருந்தா?" என்றார். தகடு செருகியதைச் சொன்னேன். "அதுக்கு விதி இல்லையே" என்றார். அதற்கும் ஆமாம் சார்தான். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

தண்டனை ஒரு வருடம். ஏணி இல்லை, கிடங்கில் வேலை. பெட்டிகளை அடுக்கி வைத்து, கேட்பவருக்கு எடுத்துத் தருகிறேன். உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தி, "அந்தப் புத்தகம் முழுசாப் படிக்கக் கிடைக்குமா?" என்று கேட்டார். உன் முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.

வருத்தம் இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்ச்சீட்டு ஆகிவிடும். காலையில் ஏணி வண்டி என்னை விட்டுவிட்டுக் கிளம்பும்போது கிடங்கு வாசல்வரை போய் நின்று பார்க்கிறேன். ஆனால் கூசவில்லை. என் இடத்துக்கு வந்திருப்பவன் போன வாரம் ஏணி மேலிருந்தே போனில் கூப்பிட்டான்: "அண்ணே, பதினேழாம் நம்பர்ல ஒரு கூடு இருக்கு. சீட்டுல என்ன எழுதட்டும்?" "உள்ளதை எழுதுடா. எழுதிட்டுப் பொறியாளர்கிட்ட நேரா கேளு" என்றேன். கேட்டிருக்கிறான். மூன்று வாரம் தவணை கொடுத்திருக்கிறார்.

கிடங்கு வேலையில் சனிக்கிழமை விடுமுறை. முந்தாநாள் மனைவியை உன் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தேநீர், பலகாரம் என்று ஆரம்பித்துவிடுவாய். நூலகர் ஆய்வேட்டை எடுத்துத் தந்தார். நான் பக்கத்தைத் திருப்புவதற்குள் அவள் வாங்கிக்கொண்டாள். படம் 12 வந்தது. குஞ்சுகளை அவள் பார்க்கவே இல்லை. கீழே விரலை வைத்து என் பெயரை வாய்விட்டு வாசித்தாள். அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நூலகர் நிமிர்ந்து பார்த்து, "அம்மா, இங்க சத்தமாப் படிக்கக் கூடாது" என்றார்.

அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசித்தாள்.

அண்ணன்